மணற்பையோடு ஓடியவரும் ஓட மறுத்தவனும்

நடுவர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பி தங்கைகளே, ஓட்ட விதிகளை நான் உங்களுக்குச் சொல்லித்தரப் போவதில்லை. அவை அச்சடித்த புத்தகத்தில் இருக்கின்றன. புத்தகத்தில் இல்லாத ஒன்றைப் பற்றித்தான் எனக்குப் பேச வேண்டும்.

போன கிழமை, தேநீர் குடிக்கிற நேரத்தில், உங்களில் ஒருவர் என்னைக் கேட்டார்: "சேர், அந்தக் காலத்து நெடுந்தூர ஓட்டக்காரர் திறமோ, இந்தக் காலத்து ஆக்கள் திறமோ?" நான் பதில் சொல்லாமல் கோப்பையை வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டேன். கிழவனுக்குத் தலைக்கனம் என்று நினைத்திருப்பீர்கள். உண்மை அதுவல்ல. அந்தக் கேள்வியைக் கேட்டால் இன்றைக்கும் எனக்கு முகம் சுடுகிறது. திருகோணமலையில் ஒரு பாடசாலையில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தேன். லீவு நாட்களில் ஓட்டங்களுக்கு நடுவராக நின்றேன். அதற்கெல்லாம் முதல் நானும் ஓடியவன். ஆகவே அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆள் நான்தான். வாய்தான் வருவதில்லை.

முதலில் ஒரு சின்ன வெட்கத்தைச் சொல்லிவிடுகிறேன். நடுவர் வேலைக்கு வந்த புதிதில், மைதானத்தில் நடந்த ஒரு நீண்ட ஓட்டத்தில் கடைசிச் சுற்றுக்கான மணியை ஒரு சுற்று முந்தி அடித்துவிட்டேன். முன்னால் ஓடியவன் தோப்பூர்ப் பொடியன். மணி கேட்டதும் உயிரைக் கொடுத்து ஓடிவந்து கோட்டைத் தாண்டினான். கையை உயர்த்தினான். "தம்பி, இன்னும் ஒரு சுற்று" என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவன் என்னைப் பார்த்த பார்வையும், திரும்பவும் ஓடத் தொடங்கினபோது கால்கள் பின்னின விதமும் நினைவிருக்கின்றன. எல்லோருக்கும் பின்னால்தான் வந்தான். அந்த இடத்திலேயே ஒலிபெருக்கியை வாங்கி, பிழை என்னுடையது என்று சொன்னேன். சனம் கூவியது. இரண்டு நாள் வெளியே தலைகாட்டவில்லை. மூன்றாம் நாள் சரியாகிவிட்டது.

அப்படிப்பட்ட வெட்கம் கழுவக் கழுவப் போய்விடும். உங்களுக்கும் வரும், பயப்படாதீர்கள். மற்ற வெட்கம் வேறு சாதி. அது நான் ஓடிய காலத்தில் தொடங்கியது.

சுதந்திரம் கிடைத்துச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. துறைமுகத்தில் ஒரு கம்பனியின் களஞ்சியத்தில் எனக்கு வேலை. நாட்டில் கொடி மாறியிருந்தது. எங்கள் கம்பனியில் துரைமார் மாறவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை தொழிலாளருக்கென்று அவர்கள் ஓர் ஓட்டப் போட்டி வைப்பார்கள். துறைமுகப் பக்கமிருந்து தொடங்கி, உவர்மலை அடிவாரத்தால் போய், நாலாவது மைல் கல்லான நாலாம் கட்டையைத் தொட்டுவிட்டுத் திரும்பி வர வேண்டும். சப்பாத்து ஒருவரிடமும் கிடையாது. வெயிலில் தார் இளகி உள்ளங்காலில் ஒட்டும். துரைமார் கொட்டகைக்குள் கதிரை போட்டு இருந்துகொண்டு எங்களை வைத்துப் பந்தயம் கட்டுவார்கள். எங்கள் வெறும் முதுகில் சுண்ணாம்பால் இலக்கம் எழுதுவார்கள். அதில் எங்களுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. வியர்வையில் இலக்கம் அழிந்துவிடக் கூடாதே என்றுதான் கவலைப்பட்டோம்.

அந்த ஓட்டத்தில் தொடர்ந்து வென்றவர் சந்தியாகு அண்ணை. மூதூர்க்காரர், கப்பலில் இருந்து பாரப் படகுகளில் மூட்டை இறக்குகிற வேலை. என்னைவிடச் சில வயது மூத்தவர். அவர் வெல்வார், நான் எங்கேயோ பின்னால் வருவேன், அதுதான் வழக்கம். வேலை முடிந்த பின்னேரங்களில் கடற்கரைத் தெருவில் இரண்டு பேரும் ஒன்றாக ஓடிப் பழகுவோம். எதிர்க்காற்று அடிக்கிற நாட்களில் திரும்பிப் பார்த்து, "தம்பி, கிட்ட வா. எனக்குப் பின்னால நில். காத்து என்னில படட்டும்" என்பார். அப்படி அவருடைய முதுகின் மறைவில் ஓடித்தான் நான் ஓட்டக்காரன் ஆனேன்.

ஒரு வருஷம் பந்தயம் கட்ட ஆள் இல்லாமல் போய்விட்டது. வெல்லப் போவது யார் என்று எல்லாருக்கும் தெரியும்; பிறகு எதற்குப் பந்தயம்? குதிரை ஓட்டத்தில் பைத்தியமான ஒரு துரை அதற்கு வழி கண்டுபிடித்தார். கெட்டிக்காரக் குதிரைக்கு முதுகில் பாரம் ஏற்றுவதுதானே வழக்கம், இந்த ஆளுக்கும் ஏற்றுங்கள் என்றார். கொட்டகைக்குள் நல்ல சிரிப்பு. களஞ்சியத்தில் வேலை செய்கிறவன் நான் என்பதால், பையும் கயிறும் கொண்டுவரச் சொல்லி என்னைத்தான் அனுப்பினார்கள்.

நான் கொண்டுவந்தேன். கடற்கரை மணலை அள்ளிப் பையை நிரப்பினதும் நான்தான். சந்தியாகு அண்ணை திரும்பி நின்று முதுகைக் காட்டினார். நான் கயிற்றைத் தளர்வாகச் சுற்றினேன்.

"இறுக்கிக் கட்டு தம்பி," என்றார். "ஆடினா முதுகைத் தின்னும்."

இறுக்கிக் கட்டினேன்.

தொடக்கத்தில் தெருவோரம் நின்ற சனம் அவரைப் பார்த்துச் சிரித்தது. பாலையூற்றுப் பக்கம் வரும்போது சிரிப்பு நின்றுவிட்டது. ஏனென்றால், அந்தப் பாரத்தோடும் அவர்தான் முன்னால் ஓடிக்கொண்டிருந்தார். நாலாம் கட்டையை முதலில் தொட்டதும் அவர்தான். திரும்பி வருகிற வழியில், ஒரு மேட்டில், நான் அவரை எட்டிப் பிடித்தேன். கயிறு தோளை அறுத்திருந்தது. சுண்ணாம்பு இலக்கமும் இரத்தமும் ஒன்றாகக் கலந்து வழிந்தன.

"அண்ணை, நில்லுங்கோ. கழட்டிப் போடுவம்," என்றேன்.

"கழட்டினா நாளைக்கு வேலை இல்லை. எனக்கும் இல்லை, உனக்கும் இல்லை. நீ போ."

"நான் உங்களோட மெல்லமா வாறன்."

"போடா எண்டுறன்! எங்கள் ரெண்டு பேரில ஒருத்தனாவது வெல்லட்டும். நீ போ."

நான் போனேன். இந்த இடத்தில் நிறுத்திவிட்டால், அவர் சொல்லித்தான் போனேன் என்று ஆகிவிடும். அது பாதி உண்மை. மீதிப் பாதி என்னவென்றால், அந்த மேட்டில் அவரைத் தாண்டும்போது, இந்த முறை நான் வெல்லப் போகிறேன் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்ததும் கால்கள் லேசாகிவிட்டன. சந்தோஷமாகத்தான் ஓடினேன்.

குதிரைப் பைத்தியத் துரை என் கையைப் பிடித்து உயர்த்தினார். வெள்ளிக் கோப்பை தந்தார்கள். சந்தியாகு அண்ணை மூன்றாவதாக வந்தார். யாரும் அவிழ்த்துவிட முன்வரவில்லை. நானும் போகவில்லை, கோப்பையோடு படம் எடுக்க நிறுத்தியிருந்தார்கள். அவரே கயிற்றை அவிழ்த்துப் பையைக் கீழே வைத்துவிட்டு, எனக்குக் கை தட்டினார். அதற்குப் பிறகு அவர் ஓடவில்லை. கொஞ்சக் காலத்தில் துறைமுக வேலையையும் விட்டுவிட்டு மூதூருக்கே போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். தேடிப் போகவில்லை.

அந்தக் கோப்பையால்தான் எனக்கு உடற்பயிற்சி ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. "சந்தியாகுவை வென்ற ஆள்" என்று என்னை அறிமுகப்படுத்துவார்கள். நான் எதையும் ஒளித்தேன் என்றில்லை. ஊரே பார்த்த விஷயம். ஆனால் கதை வாய்க்கு வாய் மாறிப் போகும்போது மணற்பை எங்கேயோ விழுந்துவிட்டது. வெற்றி மட்டும் மிஞ்சியது. அந்தப் பையைப் பொறுக்கி எடுத்துத் திரும்பக் கதைக்குள் வைக்க வேண்டிய ஆள் நான். ஒவ்வொரு முறையும் பேசாமல் இருந்தேன்.

இனி ரஹீமின் கதை. எழுபதுகளின் பிற்பகுதி. அப்போது நான் பிரதம நடுவர். அதே தெருவில், ஏறக்குறைய அதே வழியில், ஊர் விளையாட்டுச் சங்கம் ஒன்று வருஷா வருஷம் ஓட்டம் நடத்தியது. ரஹீம் கிண்ணியாப் பொடியன். இருபது வயது இருக்கும். வாப்பாவோடு சேர்ந்து வத்தகப்பழம் விற்கிறவன். விடிய முதல் படகில் துறையைக் கடந்து இந்தப் பக்கம் வந்து ஓடிப் பழகுவான். யாரோ போட்டுக் கழித்த கன்வஸ் சப்பாத்து ஒரு சோடி வைத்திருந்தான். அவனோடு போட்டிக்கு நிற்க எங்கள் பகுதியில் அப்போது ஆள் இல்லை. எனக்கு அவனில் பெரிய பற்று. சந்தியாகு அண்ணைக்குப் பிறகு அப்படி ஓர் ஓட்டத்தை நான் கண்டதில்லை.

அந்த வருஷம் கொழும்பிலிருந்து ஒரு பெரிய மனிதர் பிரதம விருந்தினராக வந்திருந்தார். ஓட்டம் தொடங்குவதற்குச் சற்று முன்னர் சங்கச் செயலாளர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"மாஸ்டர், உந்தக் கிண்ணியாப் பொடியன் எப்படியும் தனிய ஓடி வரப்போறான். பாக்கிறவைக்கு அதில என்ன சுவை? மற்ற ஆக்களை முதல்ல விடுவம். அவை அந்த வளைவைத் தாண்டினாப் பிறகு அவனை விடுவம். கலைச்சுப் பிடிக்கட்டும். பெரியவர் நல்லா ரசிப்பார்."

"விதியில் இல்லாத வேலை" என்று சொல்ல வாய் எடுத்தேன். அவர் கொட்டகைப் பக்கம் கண்ணைக் காட்டினார். பெரியவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சனம் பொறுமையிழந்து நின்றது. தம்பிமாரே, நடுவரின் புத்தி தடுமாறுகிற இடம் இதுதான். அநியாயம் வரும்போது அது அநியாயம் போலவே வராது. சின்ன ஒரு உதவி போல, எல்லாரும் காத்துக்கொண்டிருக்கிற நேரத்தில் வரும். நான் "சரி" என்றேன்.

ரஹீமிடம் போய்ச் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகத்தான் சொன்னான்.

"என்னால ஏலா சேர்."

"என்ன ஏலாது?"

"எல்லாரோடயும் சேத்து விடுங்க, ஓடுறன். தனிய நிப்பாட்டி விட்டா ஓட மாட்டன். நான் என்ன, ஆக்களுக்கு விளையாட்டுக் காட்ட வந்தவனா?"

எனக்குக் கோபம் வந்தது. அவன் சொன்னது பிழை என்பதால் அல்ல, சரி என்பதால். அந்தக் கோபத்தில் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உனக்கு இடக்குக் கூடிப்போச்சு. எங்கட காலத்தில ஒரு மனிசன் முதுகில மணல்பை கட்டிக்கொண்டு இதே தெருவால ஓடினவர். ஒரு வார்த்தை பேசேல்லை. அவர் ஓட்டக்காரன்!"

அத்தனை வருஷம் பேசாமல் வைத்திருந்த பையை முதல்முதலாக நான் வெளியே எடுத்தது அங்கேதான். அதுவும் இன்னொருவன் முதுகில் கட்டுவதற்காக.

ரஹீம் என்னை நிமிர்ந்து பார்த்தான். "அவருக்கு நீங்க என்ன செஞ்சீங்க சேர்?" என்று கேட்டான்.

குத்திக் காட்டுவதற்காக அவன் கேட்கவில்லை. அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஏதாவது செய்திருப்பேன் என்று நம்பித்தான் கேட்டான்.

செயலாளர் தூரத்திலிருந்து கையைக் காட்டினார். "அப்ப நீ இந்த ஓட்டத்தில இல்லை," என்று ரஹீமிடம் சொல்லிவிட்டு நடந்தேன். அவன் இல்லாமலே ஓட்டத்தைத் தொடக்கிவைத்தேன். அவன் வீட்டுக்குப் போகவுமில்லை, சத்தம் போடவுமில்லை. தெருவோரத்து மரத்தடியில் எல்லாரும் பார்க்கும்படி கடைசி வரைக்கும் இருந்தான். எல்லாம் முடிந்து பெரியவரின் கார் போன பிறகு என்னிடம் வந்து, "போயிட்டு வாறன் சேர்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனான். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் லோஞ்சுப் படகில் ஏறி மூதூருக்குப் போனேன். ஏன் போனேன் என்று எனக்கே சரியாகத் தெரியாது. விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தபோது சந்தியாகு அண்ணை வேலி கட்டிக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. இடுப்பை ஒரு பக்கம் சாய்த்து நடந்தார். என்னைக் கண்டதும், "கோப்பைக்காரன் வாறான்!" என்று உள்ளே பார்த்துச் சத்தம் போட்டார். அவருடைய மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தா. கோப்பைக்காரன் என்று அவர் கேலியாகச் சொன்னாரா, சந்தோஷமாகச் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

நான் ரஹீமைப் பற்றிச் சொன்னேன். அவர் வேலைக் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏலாது எண்டு சொன்னவனே? எல்லாருக்கும் முன்னால?"

"ஓம் அண்ணை. எல்லாரும் பாக்க மரத்தடியில குந்தியிருந்தவன்."

"திருப்பிச் சொல்லு. எப்பிடிச் சொன்னவன்?"

திருப்பிச் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். கண் கலங்குகிற அளவுக்குச் சிரித்தார். பிறகு சிரிப்பு அடங்கி, வேலியைப் பார்த்துக்கொண்டு கேட்டார்:

"அண்டைக்கு நான் ஏலாது எண்டு சொல்லிக் குந்தியிருந்தா, நீ எனக்குப் பக்கத்தில இருந்திருப்பியோ?"

நான் நிலத்தைப் பார்த்தேன்.

"விடு," என்றார். "உனக்குக் கட்டியிருந்தா நானும் பக்கத்தில இருந்திருக்க மாட்டன். அந்தச் சொல்லு எங்கட வாயில வராது. பழக்கமில்லை." வேலிக் கம்பு ஒன்றை அசைத்துப் பார்த்தார். "சரி, அந்தப் பொடியனுக்கு நீ என்ன செய்தனீ?"

"ஓட்டத்தில இருந்து நிப்பாட்டிப்போட்டன்."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. ஆனால் குரலில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"அப்ப நீயும் இப்ப கதிரையில இருக்கிற ஆள்," என்றார்.

லோஞ்சில் திரும்பி வரும்போது கொட்டியாரக் குடாவில் நல்ல அலை. பக்கத்தில் இருந்தவர்கள் பயந்தார்கள். எனக்கு அது ஒன்றும் தெரியவில்லை.

அடுத்த நாளே சங்கத்துக்குப் போனேன். நடந்தது விதிக்கு மாறு, பொடியனில் பிழை இல்லை, பிழை நடுவருடையது, பெரிய போட்டிகளுக்கு ஆள் எடுக்கிற தெரிவு ஓட்டம் வரப்போகிறது, அதில் அவனைச் சேர்க்க வேண்டும் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். "பெரியவருக்கு முன்னால எங்களை அவமானப்படுத்தினவனுக்கு நீங்கள் வக்காலத்தோ மாஸ்டர்?" என்று செயலாளர் மேசையில் அடித்தார். நான் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். கடைசியில், விஷயம் கொழும்புக்குப் போனால் தங்களுக்கும் கூடாது என்று கண்டு ஒத்துக்கொண்டார்கள். என்னைக் கொஞ்சக் காலம் நடுவர் வேலையில் இருந்து நிறுத்தி வைத்தார்கள். இதை வீரமென்று நினைத்துவிடாதீர்கள். இருபது வருஷத்துக்கு மேல் பிந்தி, வேறொருவருக்குக் கொடுத்த சாட்சி அது.

கிண்ணியாவுக்குப் போய் ரஹீமிடமும் சொன்னேன். மணற்பையின் கதையை முழுதாகச் சொன்னேன். பையை யார் கட்டியது, யார் தாண்டிப் போனது எல்லாம். அவன் பழங்களை அடுக்கிக்கொண்டே கேட்டான். "அவர் இப்ப இரிக்கிறாரா சேர்?" என்று மட்டும் கேட்டான்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். சந்தியாகு அண்ணை ஓடியது வெறுங்காலோடு, மூட்டை இறக்கின உடம்போடு, கொஞ்ச வருஷம். கோப்பைகளை எல்லாம் எப்போதோ விற்றுவிட்டார். ரஹீம் சப்பாத்தோடு ஓடினான், பிந்திய வருஷங்களில் கொழும்பு வரைக்கும் போய் ஓடினான். இப்போது கலியாணம் முடித்துக் கடை போட்டிருக்கிறான். நேரத்தை வைத்துப் பார்த்தால் ரஹீம் வேகம். அது எனக்கும் தெரியும். ஆனால் ஓட்டக்காரரை ஒப்பிட வருகிறவர்கள், யாருடைய முதுகில் யார் எதைக் கட்டினார்கள் என்று முதலில் விசாரியுங்கள். இடையில் நானும் ஒரு காலத்து வீரன் என்று யாராவது சொன்னால், தயவு செய்து என் பெயரை அந்த வரிசையில் இருந்து எடுத்துவிடுங்கள்.

கடைசியாக, அந்தத் தெரிவு ஓட்டம். அன்று சந்தியாகு அண்ணை மூதூரில் இருந்து வந்தார். கழுவித் தேய்த்த வெள்ளைச் சட்டை. நானும் அவரும் சனத்தோடு சனமாக முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றோம். எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்தி, ஒரே நேரத்தில் விட்டார்கள். ரஹீம் சுலபமாக வெல்வான் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் அன்றைக்குப் புல்மோட்டையில் இருந்து ஒரு புது ஆள் வந்திருந்தான். கனிய மணல் அள்ளுகிற இடத்தில் வேலை செய்கிறவனாம். தெரு வளைவில் இரண்டு பேரும் தோளோடு தோள் உரசத் தெரிந்தார்கள். சனம் கத்தத் தொடங்கியது. சந்தியாகு அண்ணை என் கையைப் பிடித்துக்கொண்டார். எவ்வளவு இறுக்கிப் பிடித்தார் என்று அவருக்குத் தெரியாது. கடைசி வரைக்கும் யார் என்று சொல்ல முடியவில்லை. கோட்டுக்குக் கிட்ட வந்து புல்மோட்டைக்காரன் ஓர் அடி முந்திவிட்டான்.

ரஹீம் முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு வென்றவனின் முதுகில் தட்டிவிட்டு, எங்களைத் தேடிக்கொண்டு வந்தான். மூச்சு இன்னும் அடங்கவில்லை. முகம் முழுக்கச் சிரிப்பு.

"தோத்துப் போயிட்டன் சேர்," என்றான். "ஆனா ஒழுங்காத் தோத்துப் போனன்."

சந்தியாகு அண்ணை அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்:

"குடுத்து வைச்ச பொடியன்."

நான் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை.